இரண்டு சைக்கிளும் ஒரு கொண்டல் காற்றும்

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரர் என்னையே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"நீங்கதானே வாராவாரம் எழுதுறவங்க? அந்தக் கஸ்தூரி கடைசியில எந்த சைக்கிள்தாங்க வாங்கினாங்க?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ரசம் வருவதற்குள் எதிர்வரிசையிலிருந்து ஒருவர் அதையே கேட்டார். கை கழுவும் இடத்தில் பட்டுப்புடவை அம்மா ஒருவர் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு அதையே கேட்டார். எப்போதோ ஒரு வாரம் பேச்சுவாக்கில் எழுதியதை இத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்களா? என் வீட்டுக்காரர் நான் எழுதுவதைப் படிப்பதே கிடையாது. தன்னைப் பற்றி வந்திருந்தால் மட்டும் யாராவது சொல்லித் தெரிந்துகொள்வார்.

இந்த வாரமும் யாராவது சொல்வார்கள்.

சரி... புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக முதலிலிருந்து வருகிறேன். கஸ்தூரி எங்கள் தஞ்சாவூர் வீட்டு மாடியில் பல வருஷம் குடியிருந்தவள். குடவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வேலைக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று இப்போது அங்கேயே போய்விட்டாள். பிறந்த ஊர் நாகூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அப்பா இருந்தவரை கடலுக்குப் போனார். இப்போது அண்ணன் பாலு போகிறார். ஐந்தடி உயரம் இருப்பாளா என்பதே சந்தேகம். ஆனால் மைதானத்தில் அவள் விசில் ஊதினால் பக்கத்துத் தெரு டூவீலரெல்லாம் பிரேக் போடும்.

எங்கள் ஊரில் காலையில் சைக்கிள் ஓட்டுகிற கோஷ்டி ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரரும் அதில் மெம்பர். அவர் டீக்கடை வரை போய்த் திரும்பிவிடுவார், அது வேறு விஷயம். இந்தக் கோஷ்டி வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனியில், ஒரு காரியம் செய்கிறது. விடியற்காலையில் கல்லணையில் கிளம்பி, வெண்ணாற்றங்கரையைப் பிடித்து, தென்பெரம்பூரில் வெட்டாற்றுக்கு மாறி, அது கடலில் சேருகிற இடம் வரைக்கும் சைக்கிளிலேயே போவது. நூறு கிலோமீட்டருக்கு மேலே. பாதி தார், பாதி மண். பரிசு, மெடல் எதுவும் கிடையாது. கடைசியில் கடல்தண்ணீரில் கால் நனைத்துவிட்டு, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

வெட்டாறு கடலில் சேருவது எங்கே? கஸ்தூரியின் ஊருக்குப் பக்கத்தில்தான்.

போன வருஷம் அவளும் கிளம்பினாள். யாரிடமோ இரவல் வாங்கிய ரேஸ் சைக்கிள். அம்மா, அண்ணன், தெருவே கரையில் காத்திருந்தது. திருவாரூர் தாண்டியதும் கை மரத்துப்போய்விட்டது. பிரேக்கைப் பிடித்தால் பிடித்திருக்கிறோமா என்றே தெரியவில்லையாம். பின்னால் வந்த வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள்.

"வேன்ல வந்தது கூடப் பரவால்லக்கா," என்றாள் என்னிடம், ரொம்ப நாள் கழித்து. "ஷூ லேஸ அவுக்க முடியல. விரலே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு. எங்கண்ணன் அத்தன பேரு முன்னாடி குனிஞ்சு, சின்னப்புள்ளைக்கு அவுக்கிற மாதிரி அவுத்துவிட்டுச்சு. 'இனிமே வர்றதா இருந்தா பஸ்ல வா'ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அந்த 'நானும் சிரிச்சேன்' எனக்குள் எங்கேயோ தைத்தது. ஊருக்கெல்லாம் ஓடவும் குதிக்கவும் சொல்லித்தருகிறவள் தன் ஊர்க் கரையில் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இந்த வருஷமும் போவது என்று முடிவு செய்துவிட்டாள். சொந்த சைக்கிளில். இதுவும் சரிவரவில்லை என்றால் அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். ஒரு தடவைதான் வாங்க முடியும், தப்பாக வாங்கிவிட்டால் மாற்ற வழியில்லை. அதனால்தான் தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அவள், நான், என் வீட்டுக்காரர் மூன்று பேரும் தஞ்சாவூரில் ஒரு சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்தோம்.

எதிரே இரண்டு சைக்கிள்கள். ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். ஏறக்குறைய ஒரே விலை. இரண்டுமே கிராவல் பைக். அப்படி என்றால்? ரேஸ் சைக்கிள் மாதிரியே கீழே வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் தடிமன். தாரிலும் ஓடும், மண்ணிலும் ஓடும், சரளைக்கல்லிலும் ஓடும். ஆற்றங்கரைக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. செய்தவர்கள் வெண்ணாற்றைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

சிவப்பு கொஞ்சம் லேசு. ஒல்லி உடம்பு, முன்னால் பாய்கிற தோரணை. சாம்பல் கொஞ்சம் கனம். டயர் இன்னும் தடி, ஹேண்டில்பார் கொஞ்சம் உயரத்தில், கீழ்முனை இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்திருந்தது. நிறம்... மழைக்கு முந்தின வானம் என்று கடைக்காரர் வர்ணித்தார். எனக்கு எவர்சில்வர் பாத்திரத்தின் அடிப்பாகம்தான் ஞாபகம் வந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர். ஒரே ஒரு கஷ்டம், எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடமே சொன்னார்.

"சார், உங்க ஹைட்டுக்கு இந்த சைஸ் பத்தாது சார்."

"எனக்கில்லீங்க. இவங்களுக்கு."

"ஓ, மேடத்துக்கா? ரொம்ப சந்தோஷம். சார், இதுல கியர் பாத்தீங்கன்னா..."

என் வீட்டுக்காரருக்கும் அது வசதியாகப் போய்விட்டது. ஒரு மாதமாக யூடியூபில் ராப்பகலாக சைக்கிள் வீடியோ பார்த்துத் தேறியிருந்தார். ஃபிரேம் என்கிறார், ஜியாமெட்ரி என்கிறார். கஸ்தூரி இரண்டு சைக்கிளின் பிரேக்கையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை சின்னது. சிவப்பில் விரல்நுனிதான் எட்டியது. கடைக்காரர் ஒரு திருகைத் திருகி லிவரைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்து கொடுத்தார்.

"ஓட்டிப் பாருங்க. ஆத்தங்கரை வரைக்கும் போய்ட்டு வாங்க," என்றார்.

என் வீட்டுக்காரர் சிவப்பில் ஏறினார். கஸ்தூரி சாம்பலில். வெண்ணாற்றங்கரையில் மேற்கே கொஞ்ச தூரம் போய், அங்கே சைக்கிளை மாற்றிக்கொண்டு திரும்புவது என்று ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதானே? நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். கரையோரம் அறுப்பு மெஷின் ஏறி இறங்கின சேறு காய்ந்து கட்டிகட்டியாகக் கிடந்தது. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் நெல்லை ஒதுக்கி, கட்டியைத் தாண்டி, பறந்தார். உண்மையாகவே பறந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு வேகமாக எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது சாம்பல் அவரிடம் வந்தது. பாதி வழியிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. கஸ்தூரி சிவப்பில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

கடைக்கு வந்து இறங்கியதும் தீர்ப்புச் சொன்னார். "சந்தேகமே இல்ல. சிவப்பு பறக்குது, சாம்பல் இழுக்குது. போகும்போது பாத்தல்ல? வரும்போது என் நிலைமையப் பாத்தல்ல?"

"கரெக்டா பிடிச்சிட்டீங்க சார்," என்றார் கடைக்காரர்.

நானும் தலையாட்டினேன். எனக்கு சிவப்புக் கலரும் பிடித்திருந்தது.

கஸ்தூரி முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, போகும்போது கொண்டல் நம்ம முதுகுல இருந்துச்சு. வரும்போது மூஞ்சியில அடிச்சுச்சு. நீங்க சிவப்புல பறந்தப்ப நான் சாம்பல்ல பக்கத்துலயேதான் வந்தேன். வரும்போது சிவப்பும் இழுக்கத்தான் செஞ்சுச்சு. நான் சொல்லிக்கல."



கொண்டல் என்றால் கடல் பக்கமிருந்து வருகிற கீழ்க்காற்று. எங்களுக்கு வெயில் தெரியும், மழை தெரியும், மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று தெரியும். காற்றுக்குத் திசைக்கு ஒரு பெயர் உண்டு என்பது கடல்காரர்களுக்குத்தான் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள், நம் டெல்டாவில் மலை உண்டா, மேடு உண்டா? சைக்கிள்காரனுக்கு இங்கே இருக்கிற ஒரே மேடு எதிர்க்காற்றுதான். அதைக் கணக்கில் எடுக்காமலே நாங்கள் ஒரு சைக்கிளுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்து, இன்னொன்றைத் தள்ளி வைத்திருந்தோம்.

நாம் எதைத்தான் எதிர்க்காற்றில் பார்த்து வாங்கியிருக்கிறோம்? மனை பார்க்கச் சித்திரையில் போகிறோம். தரை பாளம் பாளமாகக் காய்ந்து கிடக்கிறது, ஆகா மேட்டுப்பகுதி என்கிறோம். ஐப்பசியில் போய்ப் பார்த்தால் நடுவில் வாத்து நீந்துகிறது. மாப்பிள்ளையை பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிடும்போது பார்க்கிறோம். பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர் மூன்றே வார்த்தைதான் பேசினார். என்ன அடக்கமான பையன் என்று எங்கள் வீட்டில் மெச்சிக்கொண்டார்கள். அந்த அடக்கம் அன்றைக்குச் சாயங்காலத்தோடு முடிந்துபோன விஷயம் எங்களுக்குத் தெரியாது.

கஸ்தூரி கடைக்காரரிடம் போனாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டையும் மத்தியானத்துக்கு மேல எதிர்க்காத்துல ஓட்டணும். ஒண்ணொண்ணும் ஒரு மணி நேரமாவது. ஒரே எடத்துலேர்ந்து, ஒரே தெசையில."

கடைக்காரர் யோசித்தார். முதல் தடவையாக அவளைப் பார்த்து யோசித்தார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். புது சைக்கிளை அவ்வளவு நேரம் வெளியே விட எந்தக் கடைக்காரர் சம்மதிப்பார்? ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? சாப்பிட்டுவிட்டு வந்து ஷட்டரை இறக்கினார். இரண்டு சைக்கிளையும் தன் லோடு ஆட்டோவில் ஏற்றினார். "வாங்க மேடம், நானும் பாக்குறேன்," என்று சொல்லிக் கிளப்பிவிட்டார்.

மேற்கே ஒரு மதகடி வரை போய் இறங்கினோம். காற்று நன்றாகவே ஏறியிருந்தது. தென்னை மட்டையெல்லாம் மேற்கே சாய்ந்து கிடந்தது. முதலில் சிவப்பு. அவள் கிழக்கே பார்த்து ஓட்ட, நாங்கள் ஆட்டோவில் பின்னால் ஊர்ந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கியவள் தோள்பையிலிருந்து நைலான் கயிறு ஒரு துண்டு எடுத்தாள். பள்ளிக்கூடத்து வாலிபால் வலை கிழிந்தால் அவளே பின்னிவிடுவாள். அதற்காக எப்போதும் வைத்திருப்பது. ஆட்டோ கம்பியில் கயிற்றைச் சுற்றி வலை முடிச்சு போட ஆரம்பித்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடி பண்ற?"

"முடிச்சு விழுதான்னு பாக்குறேங்க்கா. கை செத்துப்போச்சுன்னா மொதல்ல இதான் வராது."

முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவது பாதியில் அவிழ்ந்தது. சின்ன வயசில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு போட்ட முடிச்சாம். விரலை உதறிவிட்டு மறுபடி முயன்றாள். கடைக்காரர் தான் போட்டுத்தரவா என்று கையை நீட்டி, அப்புறம் தானாகவே பின்வாங்கிக்கொண்டார்.

திரும்பவும் மதகடி. இப்போது சாம்பல். நேரமாகிவிட்டது, காற்று இன்னும் கூடியிருந்தது, அவளும் களைத்திருந்தாள். பார்க்கப்போனால் சலுகையெல்லாம் சிவப்புக்குத்தான் கொடுத்திருக்கிறாள். அதுகூட வேண்டுமென்றேதான் என்று அப்புறம் சொன்னாள். தனக்கு சாம்பல்மேல் மனசு சாய்கிற மாதிரி காலையிலேயே தோன்றிவிட்டதாம், அதனால் அதைக் கஷ்டமான நேரத்துக்குத் தள்ளி வைத்தாளாம். பிடித்ததைக் கஷ்டப்படுத்திப் பார்க்கிற தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு வரும்? எனக்கு வராது. பிடித்த புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கவே நான் யோசிப்பேன்.

சாம்பலில் அவள் குனிந்து, விரிந்த கீழ்முனைகளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேகம் ஒன்றும் இல்லை. தடி டயர் குலுக்கலைத் தாங்கிக்கொள்ள, ஒரே சீராக வந்தாள். இறங்கினாள், கயிற்றை எடுத்தாள். ஒரு முடிச்சு... இன்னொன்று... எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே கடகடவென்று ஒரு கை நீளத்துக்கு வலை பின்னிவிட்டாள்.

"இது போதுங்க சார்," என்றாள்.

கடைக்காரர் அந்த வலைத்துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறாராம். யாராவது டெஸ்ட் ரைடு கேட்டால் முதலில் வெளியே வந்து மரத்தைப் பார்க்கிறாராம், எந்தப் பக்கம் ஆடுகிறது என்று.

ஆக, கேட்ட எல்லோருக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. சாம்பல். என் வீட்டுக்காரர் மட்டும் இன்றுவரை சிவப்பு கட்சிதான்.

ஆனால் விஷயம் சைக்கிள் வாங்கினதோடு முடிகிறதா?

பங்குனி ஞாயிறு. நான் பந்தியில் உட்கார்ந்த அந்தக் கல்யாணத்துக்கு முந்தின வாரம். நானும் வீட்டுக்காரரும் காரில் நேராகக் கரைக்கே போய்விட்டோம். கஸ்தூரியின் அம்மா எனக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, கேட்ட முதல் கேள்வி, "வேன் எங்க வருதாம்மா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? போன வருஷம் மகள் அதிலிருந்துதான் இறங்கினாள். பாலு கொஞ்சம் தள்ளித் தன் படகுப் பக்கம் நின்று எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

மூன்று மணிக்குமேல் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வாலிபப் பிள்ளைகள், ஆறடி ஆட்கள், கறுத்துப்போய், உப்புப் பூத்து. வழியில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி வைத்திருந்தார்கள், அதில் சைக்கிள் சிக்கிக்கொண்டது என்று ஒருவர் புலம்பினார். வண்டி ஏறித்தான் உளுந்து உதிர வேண்டும், இவர் சைக்கிள் ஏறினால் எத்தனை மணி உதிரும்? கஸ்தூரி எங்கே என்று கேட்டேன். கீழ்வேளூர் பக்கம் பார்த்தோம், மெதுவாக வந்துகொண்டிருந்தாள் என்றார்.

அப்புறம் வேன் வந்தது.

அம்மா எழுந்து போய்க் கதவு திறப்பதற்கு முன்பே உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு ஆண்கள் இறங்கினார்கள். மூன்று சைக்கிள் இறங்கியது. மூன்றாவது யாருடையது என்று பதறிப்போய்ப் பார்த்தேன். நீலம், மாற்றுக்கென்று வேனில் வைத்திருந்ததாம். நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் சாய்ந்த பிறகு, முகத்துவாரத்துக் கரைமேல் அவள் வந்தாள். குனிந்த தலை, அதே சீரான மிதி. கடல் காற்று நேராக அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கத்தவில்லை, கை தட்டவில்லை. இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்பதில் அவ்வளவு பெருமையாக இருந்தது.

இறங்கி சைக்கிளை மணலில் சாய்த்தாள். அப்படியே உட்கார்ந்தாள். பாலு படகை விட்டு வந்தார். பழைய ஞாபகத்தில், ஷூவைப் பார்த்து பாதி குனிந்துவிட்டார்.

அதற்குள் கஸ்தூரியின் விரல்கள் லேஸைத் தொட்டுவிட்டன. ஒரு இழுப்பு. அவிழ்ந்தது. அடுத்த காலையும் அவளே அவிழ்த்துக்கொண்டாள்.

பாலு நிமிர்ந்தார். தன் படகின் கொடியைத் திரும்பிப் பார்த்தார். அது மேற்கே நீண்டு படபடத்துக்கொண்டிருந்தது. தங்கையைப் பார்த்தார். மறுபடி கொடியைப் பார்த்தார்.

"முழுக்கக் கொண்டல்லயா வந்த?"

"ஆமாண்ணே."

பாலு சைக்கிளைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, மணலில் நடந்துபோய்ப் படகு நிழலில் நிறுத்தினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, சைக்கிளில் படிந்திருந்த மண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்.

இத்தனை நாளில் அது எந்த சைக்கிள் என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான்.